பையில் என்ன மாத்திரை இருக்கிறது?

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எடுத்தவுடன் நாடி பார்ப்பதில்லை. "பையில என்ன மாத்திரை வெச்சிருக்கீங்க? அத்தனையையும் இந்த மேஜை மேல கொட்டுங்க" என்பேன். ஒரு சித்த வைத்தியர் இப்படிக் கேட்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சிலர் சிரிப்பார்கள். சிலர் திருட்டுச் சாமானைக் காட்டச் சொன்ன மாதிரி விழிப்பார்கள். பிறகு மஞ்சள் பைக்குள் கையை விட்டு, ஸ்வெட்டர் பாக்கெட்டைத் துழாவி, பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைப்பார்கள். அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதற்கு அதுதான் அடையாளம்.

"இது என்னம்மா?"

"அது பழசுங்கய்யா. போன மாசம் வீட்டுக்காரருக்குக் குடுத்தது, மீந்து போச்சு. சளிக்குத்தானேன்னு நான் ரெண்டு போட்டுக்கிட்டேன்."

கொடைக்கானல் மலையில் இது அன்றாடம் நடக்கிற பேச்சு. 7,000 அடி உயரம், சாயங்காலம் ஆனால் மூடிக்கொள்ளும் பனிமூட்டம், மார்கழி தை மாதத்துக் குளிர். சளி, இருமல், தொண்டை வலி இல்லாத வீடே கிடையாது. அப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து மேற்கொண்டு படியுங்கள்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பது என் வேலை இல்லை, எழுதுவதும் இல்லை. பிறகு இவருக்கு ஏன் இந்தக் கவலை என்று நினைக்கலாம். காரணம், 1998-ல் நான் செய்த ஒரு தவறு.

நான் கேட்காத கேள்வி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். பையனுக்குப் பதினேழு வயது. லேசான காய்ச்சல், நாக்கில் மாவு பூசினாற்போல வெள்ளை, சோர்வு, சாப்பாடு இறங்கவில்லை. "எத்தனை நாளா?" என்றேன். "நாலு நாளாங்கய்யா" என்றார் அம்மா. நாடி பார்த்தேன், நிலவேம்புக் குடிநீர் கொடுத்தேன், கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னேன், அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் பையனுக்கு வயிறு கல் மாதிரி இறுகிவிட்டது. ஜீப் பிடித்து மலையிலிருந்து கீழே இறக்கினார்கள். டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரியே ஆபரேஷன். பிழைத்தது அவன் ஆயுள் கெட்டி.

பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. என்னிடம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அவனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் பார்த்து டைபாய்டு என்று சொல்லி, பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். மூணாம் நாளே காய்ச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது. வாயில் புண்ணும் வந்துவிட்டது. "மாத்திரை சூடு, போதும்" என்று அம்மா நிறுத்திவிட்டார். மிச்ச மாத்திரைகள் டப்பாவுக்குள் போய்விட்டன. காய்ச்சல் திரும்பி வந்தபோது, அதே டாக்டரிடம் போனால் 'ஏன் நிறுத்தினே' என்று திட்டுவாரே என்ற பயத்தில் என்னிடம் வந்திருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டான்னு சொன்னா அய்யாவும் கோவிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

இந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பத்து நாள் ஏன் சாப்பிட வேண்டும் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை. நிறுத்தியதை அம்மா சொல்லவில்லை. இதற்கு முன்னால் என்ன மருந்து சாப்பிட்டான் என்று நான் கேட்கவில்லை. மூன்று பேர் பேசாமல் இருந்ததற்கு அந்தப் பையன் வயிற்றில் கத்தி பட்டது.

டைபாய்டில் காய்ச்சல் இறங்குவது ஒரு விஷயம், கிருமி முழுதாக ஒழிவது இன்னொரு விஷயம். காய்ச்சல் குறைகிற நேரத்தில் கிருமி குடல் சுவரிலும் ஈரலிலும் இன்னும் உட்கார்ந்திருக்கும். இதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அந்த அம்மா வாய்ப்புண்ணைப் பொருட்படுத்தியிருக்கவே மாட்டார். பெற்ற பிள்ளைக்காக எதையும் தாங்குகிறவர்கள்தானே!

டைபாய்டின் இன்னொரு கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1948-லிருந்து இதற்குக் குளோராம்ஃபெனிகால் என்ற மருந்து கைகண்ட மருந்தாக இருந்தது. 1972-லேயே, நமக்கு மேற்கே மலையைத் தாண்டி கோழிக்கோட்டில், அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு கிளம்பிவிட்டது. 1990-ஐ ஒட்டி நாடு முழுக்க அதுவே நிலைமை. சிப்ரோஃப்ளாக்சசின் வந்து காப்பாற்றியது. கொஞ்ச வருஷத்தில் அதற்கும் கிருமி தேறிவிட்டது. இப்போது இந்தியாவில் டைபாய்டுக்கு அதை நம்பிக் கொடுக்க முடிவதில்லை. அம்மாவுக்குக் கேட்ட மருந்து மகனுக்குக் கேட்கவில்லை.

பழகிப்போவது யார்?

"அந்த மாத்திரை எனக்குக் கேக்காதுங்க, உடம்பு பழகிடுச்சு. இன்னும் பவரா வேணும்." இதை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இங்கேதான் டாக்டர் சொல்வதும் நாம் புரிந்துகொள்வதும் தண்டவாளம் மாதிரி சேராமல் ஓடுகின்றன. பழகுவது உங்கள் உடம்பு அல்ல, கிருமி. மருந்தில் சாகாமல் தப்பித்த கிருமி பெருகுகிறது. அது உங்கள் உடம்போடு நிற்பதும் இல்லை. உங்கள் பேரக்குழந்தைக்குப் போகும், பக்கத்து வீட்டுக்கும் போகும். ஆன்டிபயாடிக்கை வாழ்நாளில் தொடாத மனிதருக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி வரலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இந்தியா உட்பட 12 நாடுகளில் மக்களைக் கேட்டது. 100-க்கு 76 பேர் உடம்புதான் மருந்துக்குப் பழகுகிறது என்றார்கள். 64 பேர் சாதாரண ஜலதோஷத்துக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும் என்றார்கள். இந்த இரண்டும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸ் அதற்கு அசையாது. ஆக, மேல்மலை அம்மாவை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. படித்த உலகமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

வார்த்தையிலும் சிக்கல். 'நுண்ணுயிர்க்கொல்லி' என்று புத்தகத்தில் எழுதுகிறோம். யார் வாயில் நுழைகிறது? மருந்துக் கடையில் 'பவர் மாத்திரை', வீட்டில் 'கேப்சூல்'. பவர் என்றால் எல்லா நோய்க்கும் பவர்தானே என்று தோன்றுவது இயல்பு. நான் 'கிருமி மாத்திரை' என்கிறேன். "இது கிருமி மாத்திரை. உங்க சளி கிருமி மாத்திரைக்குக் கட்டுப்படற சளி இல்லை" என்றால் புரிந்துகொள்கிறார்கள். வைரஸும் கிருமிதானே என்று டாக்டர் நண்பர்கள் என்னைக் கிண்டல் செய்வதுண்டு. செய்துவிட்டுப் போகட்டும்.

'ஒண்ணும் இல்லை' என்கிற வார்த்தை

இப்போது டாக்டர்கள் பக்கம். தவறாக நினைக்க வேண்டாம், வெளியே நாற்பது பேர் காத்திருக்க, ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து கதை சொல்ல அவர்களுக்கு நேரம் ஏது? ஆனாலும் ஒரு வார்த்தை பெரிய அநியாயம் செய்கிறது. 'வைரஸ் காய்ச்சல்தான், ஒண்ணும் இல்லை.'

மன்னவனூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்த தகப்பனுக்கு 'ஒண்ணும் இல்லை' என்பது எப்படிக் கேட்கும்? 'நீ அனாவசியமாக வந்திருக்கிறாய்' என்று கேட்கும். ராத்திரி பூரா குழந்தை தூங்கவில்லை, அதை ஒன்றுமில்லை என்கிறாரே! அவர் நேரே மருந்துக் கடைக்குப் போய், "சளி காய்ச்சலுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு செட் குடுங்க" என்பார். அந்தச் செட்டுக்குள் ஒரு கேப்சூல் கட்டாயம் இருக்கும். இரண்டு நாள் ஆன்டிபயாடிக்! கிருமிக்குப் பாடம் நடத்தி அனுப்புகிற மாதிரி.

இதைத் தெரிந்த டாக்டர் என்ன செய்கிறார்? 'எப்படியும் கேட்கத்தான் போகிறார், நாமே எழுதிவிடுவோம்' என்று எழுதிவிடுகிறார். வேடிக்கை என்னவென்றால், பல பேர் கேட்கவே வரவில்லை. பயப்படும்படி ஏதும் இல்லையே என்று தெரிந்துகொள்ளத்தான் வருகிறார்கள். டாக்டர் ஊகிக்கிறார், நோயாளி வாய் திறப்பதில்லை, நடுவில் மாத்திரை கைமாறுகிறது. 1990-களிலேயே இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நோயாளி மருந்தை எதிர்பார்க்கிறார் என்று டாக்டர் நினைத்துவிட்டால் போதும், அவர் உண்மையில் எதிர்பார்க்காவிட்டாலும் மருந்து எழுதப்படுவது அதிகமாகிறது.

பேச்சு மாறினால் நிலைமை மாறுமா? நெதர்லாந்தில் செய்து பார்த்தார்கள். 2009-ல் வெளியான ஆய்வு அது. இருமலோடு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பிரிவு குடும்ப டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி இல்லாதவர்கள் 100 பேரில் 54 பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதினார்கள். பயிற்சி பெற்றவர்கள் எழுதியது 27 பேருக்கு. சரிபாதி! இரு பக்கத்து நோயாளிகளும் ஒரே மாதிரிதான் குணமானார்கள்.

அமெரிக்காவில் டாக்டர்களின் உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள் 1999-ல் இன்னொன்றைச் சொன்னார்கள். பரிசோதிக்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'காது நல்லா இருக்கு, தொண்டை லேசா சிவந்திருக்கு, நெஞ்சு ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கு' என்று சொல்லிக்கொண்டே பார்த்தால், கடைசியில் 'கிருமி மாத்திரை வேண்டாம்' என்பதைக் கேட்கிறவர் ஏற்றுக்கொள்கிறார். எங்களுக்கு நாடி பார்க்கும் பழக்கம் இருப்பதில் இந்த விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு நிமிஷமாவது நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே தீர வேண்டும். அந்தக் கை விட்டபிறகு சொல்வதை அவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

திரும்பி வர முடியாத ஊர்

ஆனால் மலையில் இன்னொரு நிஜமான கஷ்டம் இருக்கிறது. நகரத்து டாக்டர் "ரெண்டு நாள் பாத்துட்டு வாங்க" என்று சொல்லலாம். கிளாவரைக்காரரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? மழையில் மரம் விழுந்து பாதை அடைத்துக்கொண்டால் அதுவும் போச்சு. 'இவர் திரும்பி வர மாட்டார், எதற்கும் இருக்கட்டும்' என்றுதான் டாக்டர் எழுதுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இந்த இடத்தில் சென்னையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2010-ல், எந்த ஆன்டிபயாடிக்குக்கும் எளிதில் அடங்காத என்டிஎம்-1 வகைக் கிருமிகள் சென்னை உட்பட இந்திய நகரங்களிலும் பிரிட்டனிலும் இருப்பதாக 'லான்செட்' குழுமப் பத்திரிகையில் கட்டுரை வந்து பெரும் பரபரப்பானது. 2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடின. தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று நடத்திய அந்தக் கூட்டத்தின் முடிவுகளுக்கு 'சென்னைப் பிரகடனம்' என்று பெயர். அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரே நாளில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் சீட்டு இல்லாமல் விற்கத் தடை போடு என்று பிடிவாதம் பிடிக்காததுதான். டாக்டரே இல்லாத கிராமத்தில் அப்படிச் செய்தால், நிமோனியாக் குழந்தைக்கு மருந்தே கிடைக்காமல் போகும். குறையில்லாத சட்டத்தைவிட நடைமுறைக்கு ஒத்து வருகிற சட்டம் மேல், படிப்படியாகப் போவோம் என்றார்கள். 2014 மார்ச் 1 முதல் 46 மருந்துகளுக்கு 'எச்1' என்ற அட்டவணை நடைமுறைக்கு வந்தது. முக்கியமான சில ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் அதில் உண்டு. கடைக்காரர் நோயாளி பெயர், டாக்டர் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறை, ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் எழுதுங்கள் என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல யோசனை. உங்கள் சீட்டில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பி வர முடியாதவர்களுக்கு என்ன வழி? 'எப்போது கட்டாயம் வர வேண்டும்' என்பதைத் தெளிவாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போவதுதான். குழந்தை வேகவேகமாக மூச்சு விட்டால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பாலோ தண்ணீரோ குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், ராத்திரியானாலும் ஜீப் பிடியுங்கள். பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், மூன்று நாளாகியும் இறங்காத காய்ச்சல், வயதானவர்கள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவது. இவை இல்லாத சளி இருமலுக்குப் பொறுமை போதும்.

எவ்வளவு பொறுமை? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். இருமல் ஒரு வாரத்தில் போய்விடும் என்று நினைக்கிறோம். ஜலதோஷத்தோடு வரும் இருமல் அடங்கச் சராசரியாக 18 நாள் ஆகிறது என்று 2013-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். எட்டாம் நாள் 'இன்னும் விடலையே' என்று ஆன்டிபயாடிக் போடுகிறோம். தானாகவே போக வேண்டிய நாளில் இருமல் போகிறது, பெயர் மாத்திரைக்கு. ஆனால் ஒரு எச்சரிக்கை: இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோயாக இருந்தால் முதலிலேயே தெரிய வேண்டும். கடையில் வாங்கிப் போடும் சில ஆன்டிபயாடிக்குகள் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப் போட்டுவிடும்.

ஏப்ரல், மே சீசனில் எங்கள் மலைக்கு இன்னொரு வகை நோயாளிகள் வருவார்கள். இரண்டு நாள் ரூம் போட்டிருக்கிறார்கள், குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. "சார், நாளைக்கு படகுச் சவாரி போகணும், ஸ்ட்ராங்கா ஏதாவது..." இவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, வெதுவெதுப்பான தண்ணீர், தலைக்குக் குல்லாய். இருமலுக்கு மலைத்தேன் ஒரு ஸ்பூன் கொடுக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும் ஆபத்து.

எங்களிடமும் சொல்லுங்கள்

சித்த மருந்து சாப்பிடுவதால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. டைபாய்டுக்கும் நிமோனியாவுக்கும் சிறுநீரகத் தொற்றுக்கும் கிருமி மாத்திரைதான் உயிர் காப்பது. அதைக் கஷாயத்தால் ஈடு செய்ய முடியாது. சொல்கிறவர் எவ்வளவு பெரிய வைத்தியரானாலும் கேட்காதீர்கள்.

இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடலாமா என்பதும் சிக்கலான கேள்வி. சங்கு பற்பத்தில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. அயச் செந்தூரத்தில் இருப்பது இரும்பு. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் வகை மாத்திரைகளை இந்தச் சத்துகள் வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேராது. டாக்டர் எழுதிய மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டும் நோய் விடாது. அசிடிட்டிக்குக் குடிக்கும் சில டானிக்குகளும், இரும்புச் சத்து மாத்திரையும், சிப்ரோவுக்குப் பாலும் இதே வேலையைச் செய்யும். அதனால்தான் மேஜை மேல் கொட்டச் சொல்கிறேன். நீங்கள் சொன்னால் நான் பற்பத்தைத் தள்ளி வைப்பேன். அதேபோல என் மருந்துப் பொட்டலத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அவரிடம் கேட்க வேண்டியதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். "சார், இதுல கிருமி மாத்திரை எது? எதுக்காக? எத்தனை நாள்? நல்லாயிட்டா நிறுத்தலாமா, முழுசும் சாப்பிடணுமா?" கடைசிக் கேள்விக்கு எல்லா நோய்க்கும் ஒரே பதில் இல்லை. காசநோய்க்கு மாதக் கணக்கு, ஒரு நாள் விடக் கூடாது. சில தொற்றுகளுக்கு முன்பைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது சொல்கிறார்கள். அந்தக் கணக்கு எழுதியவருக்குத்தான் தெரியும். உங்கள் எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுங்கள்: "ஆன்டிபயாடிக் கேட்டு வரலீங்க, பயப்படற மாதிரி ஏதாவது இருக்கான்னு பாருங்க." டாக்டருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது உங்களுக்குத் தெரியாது.

போன வாரம் பூம்பாறையிலிருந்து ஒரு அம்மா முழங்கால் வலிக்கு வந்தார். வழக்கம்போல மேஜை மேல் கொட்டச் சொன்னேன். ஒரு அட்டையில் ஆறு மாத்திரை மிச்சம். சிறுநீர்க் கடுப்புக்கு ஒரு டாக்டர் எழுதியது, ஐந்து நாளைக்கு. இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறார். கடுப்பு நின்றுவிட்டது.

"இனிமே சாப்பிடவா, வேண்டாமாங்கய்யா?"

"என்னைக் கேக்காதீங்கம்மா. எழுதினவரைக் கேளுங்க. சீட்டுல போன் நம்பர் இருக்கு பாருங்க."

"போன்லயா? திட்டுவாருங்கய்யா."

"திட்டட்டும். நான் பக்கத்துல இருக்கேன்."

மகன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டே பேசினார், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு. "சார், நான் பூம்பாறை... கடுப்பு மாத்திரை... ரெண்டு நாளோட நிறுத்திட்டேன் சார்..." எதிர்ப்பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அரை நிமிஷம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். போனை மகனிடம் கொடுத்துவிட்டு, "திட்டலைங்கய்யா. இன்னிக்கே திரும்ப ஆரம்பிச்சு மிச்சம் மூணு நாளையும் முடிக்கச் சொன்னாரு" என்று சொல்லி, அட்டையை எடுத்து ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் முழங்காலை நீட்டச் சொன்னேன்.